எஞ்சின் கோளாறுள்ள மாஸ்டா ஆர்எக்ஸ்-8: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

பிரிட்டனில் சில ஆயிரம் பவுண்டுக்குள் 231 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம், நான்கு பேர் உட்காரும் இடம் ஆகிய மூன்றும் கொண்ட ஒரு ஸ்போர்ட்ஸ் காரைத் தேடத் தொடங்கினால், வெகு விரைவில் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 கண்ணில் படும். விளம்பரத்தின் கடைசி வரியில் பெரும்பாலும் ஒரு குறிப்பும் இருக்கும்: சூடானால் ஸ்டார்ட் ஆகத் தாமதமாகிறது, ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றினால் சரியாகிவிடும் என்றோ, எஞ்சின் விளக்கு எரிகிறது, ஆனால் வண்டி நன்றாகவே ஓடுகிறது என்றோ எழுதியிருப்பார்கள். விலை மலிவாக இருப்பதற்கு அந்த வரியே காரணம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சின் முற்றிலும் போய்விட்டது என்று ஒப்புக்கொண்டு விற்கப்படும், துருப்பிடிக்காத வண்டியைக் கணக்குப் போட்டு வாங்கலாம். "கொஞ்சம் கோளாறு" என்று சொல்லி விற்கப்படும் வண்டிக்குத்தான் அஞ்ச வேண்டும். முன்னதில் விற்பவரும் வாங்குபவரும் ஒரே கணக்கைப் பார்க்கிறார்கள். பின்னதில், ஓடும் வண்டியின் விலையைக் கொடுத்துவிட்டு ஓடாத எஞ்சினை வீட்டுக்குக் கொண்டுவர நேரும்.

1. இந்த எஞ்சினில் கோளாறு என்றால் என்ன?

2003 முதல் 2012 வரை தயாரிக்கப்பட்ட இந்த வண்டியில் பிஸ்டன் கிடையாது. ரெனேசிஸ் என்ற பெயருடைய இதன் எஞ்சினில், இடுப்பு சற்றே ஒடுங்கிய நீள்வட்ட அறைகள் இரண்டு உள்ளன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முக்கோண ரோட்டர் சுழல்கிறது. ஓர் அறைக்கு 654 கன சென்டிமீட்டர், ஆக மொத்தம் 1,308. ரோட்டரின் மூன்று முனைகளிலும் அபெக்ஸ் சீல் எனப்படும் மெல்லிய உலோகப் பட்டைகளும், பக்கவாட்டில் சைடு சீல்களும் பொருத்தப்பட்டுள்ளன. எரியும் வாயுவை அடைத்து வைப்பவை இவைதான். இவை தேய்ந்தாலோ உடைந்தாலோ கம்ப்ரஷன், அதாவது அறைக்குள் உருவாகும் அழுத்தம், குறையும். கம்ப்ரஷன் குறைந்தால் எஞ்சினை வெளியே எடுத்துப் பிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. திரவம் ஊற்றியோ, எண்ணெயை மாற்றியோ அதை மீட்க முடியாது.

ரோட்டரி எஞ்சினின் இந்தப் பலவீனம் புதிதன்று. 1967-இல் ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனம் ரோ 80 என்ற காரை வெளியிட்டது. எஞ்சின் சீல்கள் அடிக்கடி போனதால் உத்தரவாதத்தின் பேரில் எஞ்சின்களை மாற்றிக் கொடுத்தே அந்நிறுவனம் நலிந்து, 1969-இல் ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்குள் சென்றது. மாஸ்டா மட்டும் விடாமல் முயன்று, 1991-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தையே ரோட்டரி எஞ்சினால் வென்றது. ஆனாலும் அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையிலான ஆர்எக்ஸ்-8 வண்டிகளுக்கு எஞ்சின் உத்தரவாதத்தை 8 ஆண்டுகள் அல்லது 1,00,000 மைல் என்று அதுவும் நீட்டிக்க வேண்டியிருந்தது. அந்த உத்தரவாதங்கள் எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சியவைதான் இன்று விற்பனைக்கு வருகின்றன.

2. நேரில் போகும் முன் தொலைபேசியில் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி, கம்ப்ரஷன் சோதனை செய்த தாள் இருக்கிறதா என்பது. ரோட்டருக்கு மூன்றாக ஆறு அழுத்த எண்களும், ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுழற்றிய வேகமும் எழுதப்பட்ட தாளாக அது இருக்க வேண்டும். "மெக்கானிக் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார்" என்பது சோதனை ஆகாது.

இரண்டாவது, எண்ணெய் எவ்வளவு குடிக்கிறது என்று கேளுங்கள். சீல்கள் வழுவழுப்பாக இருப்பதற்காக இந்த எஞ்சின் தன் எண்ணெயையே ஒரு சிறு பம்பு மூலம் அறைக்குள் செலுத்தி எரித்துக்கொண்டே இருக்கும். அப்படித்தான் இது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே, ஒரு சர்வீசுக்கும் அடுத்த சர்வீசுக்கும் இடையில் ஒரு சொட்டு எண்ணெய்கூட ஊற்றியதில்லை என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், எண்ணெய் குறைந்த நிலையிலேயே வண்டி ஓடியிருக்கிறது அல்லது பம்பு வேலை செய்யவில்லை என்று பொருள். மற்ற கார்களில் நற்சான்றாகும் விடை இங்கே எச்சரிக்கை. நான்காயிரம் மைலுக்கு நான்கு லிட்டர் வாங்கினேன் என்று முகம் சுளிப்பவரிடமே வண்டியை நம்பி வாங்கலாம்.

மூன்றாவது, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்களை எப்போது மாற்றினார்கள் என்பது. இது ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் பார்ப்போம். நான்காவது ஒரு கோரிக்கை: நீங்கள் வந்து சேரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

3. ஆவணங்கள்

பதிவு எண்ணை வைத்து எம்ஓடி எனப்படும் ஆண்டுத் தகுதிச் சோதனையின் வரலாற்றை அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மைல் கணக்கு ஆண்டுதோறும் ஒழுங்காக ஏறியிருக்கிறதா, புகைச் சோதனையில் தோற்றிருக்கிறதா, துரு பற்றிய எச்சரிக்கைகள் எத்தனை ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வருகின்றன என்று பாருங்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் சோதனையே நடக்காமல் இருந்தால், எஞ்சின் போய் வண்டி நின்றுவிட்ட காலமாக அது இருக்கக்கூடும். நிலுவைக் கடன் இருக்கிறதா என்ற சோதனையைச் சில பவுண்டு கொடுத்துச் செய்துவிடுங்கள்.

பதிவு நாளையும் கவனிக்க வேண்டும். 231 குதிரைத்திறன் மாதிரி வெளியேற்றும் கார்பன் டைஆக்சைடு கிலோமீட்டருக்கு 255 கிராமைத் தாண்டுகிறது. 2006 மார்ச் 23-க்கு முன் பதிவான வண்டிக்குச் சாலை வரியில் ஓர் உச்சவரம்பு உண்டு. அதன் பின் பதிவானவை மிக உயர்ந்த வரிப் பிரிவுகளில் விழுகின்றன. ஒரே மாதிரி தோன்றும் இரண்டு வண்டிகளுக்கு இடையே இந்த வேறுபாடு ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பவுண்டு.

4. எஞ்சினுக்கு முன் உடல்

பானெட்டைத் திறப்பதற்கு முன் தரையில் படுத்து அடிப்பகுதியைப் பாருங்கள். கதவுகளுக்குக் கீழே ஓடும் சில்லும், பின்சக்கர வளைவுகளும் இந்த வண்டியில் துருப்பிடிக்கும் இடங்கள். எஞ்சினைப் பணம் கொடுத்துப் புதிதாக்கலாம். உள்ளிருந்து அரித்த சில்லை வெட்டி வெல்டிங் செய்தாலும் அது திரும்ப வரும், செலவுக்கும் எல்லை தெரியாது. ஆகவே துரு ஆழமாக இருந்தால் எஞ்சினைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

5. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தல்

எஞ்சின் உண்மையிலேயே குளிர்ந்திருக்கிறதா என்று கையால் தொட்டு உறுதி செய்யுங்கள். எண்ணெய் அளவைப் பாருங்கள்; எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் தொட்டி மூடியைத் திறந்து நிறத்தையும் அளவையும் பாருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லி, நீங்கள் வெளியே நின்று கவனியுங்கள். முதல் சில நொடிகளில் கொஞ்சம் வெண்புகை, குளிர்காலமானால் நீராவி, இவை இயல்பு. இனிப்பு வாடையுடன் வெண்புகை நிற்காமல் வந்தாலும், தொட்டியில் குமிழிகள் எழுந்துகொண்டே இருந்தாலும், எஞ்சினுக்குள் இருக்கும் நீர்த்தடுப்பு வளையம் போயிருக்கிறது என்று கொள்ள வேண்டும். அதற்கும் எஞ்சினைப் பிரித்தாக வேண்டும். கூலன்ட் குறைவு என்று எரியும் விளக்கு மட்டும் தனித்து எரிந்தால், அதன் உணரி கெட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. இந்த வண்டியில் அது அடிக்கடி நடப்பது.

இங்கே ஏமாறக்கூடிய இடமும் ஒன்று உண்டு. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, வண்டியை இரண்டடி நகர்த்திவிட்டு உடனே அணைத்தால், எரியாத பெட்ரோல் அறைக்குள் தேங்கி, அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாமல் போகும். இதை எஞ்சின் செத்துவிட்டதாக எண்ணி மலிவாக விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் பெட்ரோல் வரத்து நின்று, தேங்கியது வெளியேறும். அப்படிச் சுழலும்போது காது கொடுத்துக் கேளுங்கள்: நல்ல எஞ்சினில் மூச்சு விடுவதுபோன்ற ஒலி ஒரே சீராக வரும், இடையே ஒன்று விட்டு விட்டு வந்தால் ரோட்டரின் மூன்று முகங்களில் (முக்கோணத்தின் பக்கங்களில்) ஏதோ ஒன்றில் அழுத்தம் இல்லை.

6. ஓட்டிப் பார்த்தல், பிறகு சூட்டில் ஸ்டார்ட் செய்தல்

இருபது நிமிடமாவது ஓட்டுங்கள். எஞ்சின் நன்கு சூடாகும்வரை மெதுவாகவே செல்லுங்கள். பிறகு சாலை அனுமதிக்கும் இடத்தில் இரண்டாவது கியரில் சிவப்புக் கோடுவரை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். ஆறு கியர் மாதிரியில் அது நிமிடத்துக்கு 9,000 சுற்று. பயப்பட வேண்டாம்: ரோட்டர் சுழல்வது நடுத்தண்டின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான். 6,000-க்கு மேல் மூச்சடைத்து நின்றால், அது காயிலாகவோ, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைபட்டதாகவோ, ஒட்டிக்கொண்ட காற்று வால்வாகவோ இருக்கலாம். கம்ப்ரஷன் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. டாஷ்போர்டின் வெப்பமானியை மட்டும் நம்பிவிடாதீர்கள். அதன் முள் நடுவிலேயே நின்றுகொண்டிருக்கும். அது நகரத் தொடங்கும்போது எஞ்சின் ஏற்கெனவே ஆபத்தான சூட்டில் இருக்கும். வண்டியின் கணினியோடு இணைத்துப் படிக்கும் மலிவான ஓபிடி ரீடர் ஒன்றைக் கொண்டுபோனால் உண்மையான வெப்பநிலையையும், பதிவாகியிருக்கும் கோளாறுக் குறியீடுகளையும் படிக்கலாம். விற்பவர் அன்று காலைதான் குறியீடுகளை அழித்திருந்தால், ரீடர் அதையும் பெரும்பாலும் காட்டிவிடும்.

திரும்பி வந்ததும் அணைத்துவிட்டு ஐந்து முதல் பத்து நிமிடம் காத்திருந்து மீண்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். மொத்தச் சோதனையிலும் மிகுந்த பொருளுள்ள தருணம் இது. சூடான எஞ்சினில் எண்ணெய் நீர்த்துப்போவதால், தேய்ந்த சீல்கள் வழியாக வாயு எளிதாகக் கசியும். நல்ல எஞ்சின் ஓரிரு நொடியில் பற்றிக்கொள்ளும். ஐந்தாறு நொடி சுழன்று, தயங்கித் தயங்கிப் பற்றினால் கம்ப்ரஷன் கீழே போய்க்கொண்டிருக்கிறது.

விளம்பரத்தில் சொன்ன ஸ்டார்ட்டர் மோட்டார் கதை இங்கேதான் வருகிறது. அதில் பாதி உண்மை இருக்கிறது. வலிமையான ஸ்டார்ட்டர் எஞ்சினை வேகமாகச் சுழற்றும்; வேகமாகச் சுழன்றால் கசிவதற்கு நேரம் குறைவு, அழுத்தம் கூடுதலாகத் தெரியும், வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால் சீல் தேய்ந்தது தேய்ந்ததுதான். புதிய ஸ்டார்ட்டர் போட்ட வண்டி சூட்டில் உடனே பற்றிக்கொண்டால், அந்தச் சோதனையின் மதிப்பில் பாதியைக் குறைத்துக்கொண்டு, அடுத்த படிக்குக் கட்டாயம் போக வேண்டும்.

7. ஆறு எண்கள்

பிஸ்டன் எஞ்சினுக்கான சாதாரண கேஜை ஸ்பார்க் பிளக் துளையில் மாட்டினால், மூன்று முகங்களில் வலுவானதன் எண்ணை மட்டுமே அது காட்டும். செத்த முகம் மறைந்துவிடும். ரோட்டரிக்கென்றே உள்ள கருவி ஒவ்வொரு ரோட்டரிலும் மூன்று முகங்களைத் தனித்தனியே அளக்கும். எஞ்சின் சூடாகவும், பேட்டரி முழுதாகவும், த்ராட்டில் (காற்று புகும் வாயில்) முழுவதும் திறந்தும் இருக்க வேண்டும். கிடைத்த எண்களை நிமிடத்துக்கு 250 சுற்று வேகத்துக்கு ஈடாக மாற்றி எழுத வேண்டும். அந்த மாற்றம் செய்யப்படாத தாளுக்கு, மேலே சொன்ன ஸ்டார்ட்டர் காரணத்தால், மதிப்பு இல்லை.

மாஸ்டாவின் அளவுப்படி நல்ல எஞ்சினுக்கு சுமார் 8.3 பார் (அழுத்தத்தின் அலகு); கீழ் எல்லை 6.8 பார். ஒரே ரோட்டரின் முகங்களுக்கு இடையே 1.5 பாருக்கு மேலும், இரண்டு ரோட்டர்களுக்கு இடையே 1 பாருக்கு மேலும் வேறுபாடு இருக்கக் கூடாது. முன் ரோட்டர் 7.4, 7.2, 7.3 என்றும், பின் ரோட்டர் 7.0, 6.0, 6.9 என்றும் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். சராசரி பார்த்தால் நன்றாகத் தோன்றும், ஆனால் 6.0 என்ற ஒரே எண் போதும், அந்த எஞ்சின் தேறவில்லை. எண்கள் விழும் விதத்திலும் செய்தி இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு முகங்கள் குறைந்தால் அவற்றுக்கு இடையிலுள்ள அபெக்ஸ் சீலைச் சந்தேகிக்க வேண்டும்; ஒன்று மட்டும் குறைந்தால் பெரும்பாலும் சைடு சீல்; மூன்றும் சேர்ந்தே இறங்கினால் பொதுவான தேய்மானம்.

சோதனைக்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், செலவை நீங்களே ஏற்பதாகச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் மறுத்தால் எண் அவருக்குத் தெரியும் என்றே கொள்ளலாம். செத்த எஞ்சினுக்கான விலையை மட்டும் சொல்லுங்கள்.

8. கோளாறு எஞ்சினுக்கு வெளியே இருந்தால்

ஆறு எண்களும் 7.5-க்கு மேல் இருந்து, வண்டி மட்டும் திணறினால், அதுதான் மலிவாக வாங்க ஏற்ற வண்டி. பெரும்பாலும் காயில், பிளக், வயர் ஆகியவற்றோடு வேலை முடிந்துவிடும். நான்கு காயில்கள், நான்கு பிளக்குகள், திறமையுள்ள எவரும் வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம். ஆனால் எவ்வளவு காலம் அந்தத் திணறலோடு ஓட்டினார்கள் என்று கேட்டாக வேண்டும். காயில் வலுவிழந்தால் பெட்ரோல் எரியாமலே வெளியேறி, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது. அதன் தேன்கூடு உருகி அடைக்கிறது. அடைபட்ட சூடு எஞ்சினுக்கே திரும்பிச் சீல்களைக் கெடுக்கிறது. சில நூறு பவுண்டு காயில் சில ஆயிரம் பவுண்டு எஞ்சினைக் கொல்வது இந்த வழியில்தான். கன்வெர்ட்டரையே கழற்றி எறிந்துவிட்டு வெறும் குழாய் மாட்டியிருந்தால், எம்ஓடியில் வண்டி தோற்கும் என்பதையும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

9. கணக்கு

எஞ்சின் தேறவில்லை என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் நம்பும் ஒரு ரோட்டரி பட்டறையிடம் எழுத்தில் விலை கேளுங்கள். வெறும் சீல் மாற்றுவதா, ரோட்டர் அறைகளும் தேய்ந்தால் மாற்றப்படுமா, பக்கத் தகடுகளின் தேய்மானத்தை அளப்பார்களா, பேரிங்குகள் புதிதா, உத்தரவாதம் எத்தனை மைல் என்பவை அதில் இருக்க வேண்டும். அபெக்ஸ் சீல் உடைந்து அறையின் குரோமியப் பூச்சைக் கீறியிருந்தால் விலை எகிறும். உடைத்து விற்கும் இடத்திலிருந்து பழைய எஞ்சின் வாங்கிப் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். வேறொருவரின் இதே சிக்கலைக் கூலி கொடுத்து மாட்டிக்கொள்வதாகவே அது பெரும்பாலும் முடியும்.

எடுத்துக்காட்டுக்காக, புதுப்பிக்க 4,000 பவுண்டு, காயிலும் கிளட்சும் சேர்த்து 600, கொண்டுவரும் செலவு 200, எதிர்பாராததற்கு 700 என்று வையுங்கள், 5,500 ஆகிறது. அண்மையில் புதுப்பித்து, தாள்களோடு விற்கப்படும் இதே வண்டி உங்கள் பகுதியில் 5,000-க்குக் கிடைத்தால், செத்த எஞ்சின் வண்டியை இலவசமாகக் கொடுத்தாலும் நட்டம். பெரும்பாலான நேரங்களில் கணக்கு இப்படித்தான் முடிகிறது; வேறொருவர் செலவழித்து முடித்த வண்டியை வாங்குவதே மலிவு. விதிவிலக்கு, கடைசிக் காலத்தில் வந்த ஆர்3 போன்ற அரிய மாதிரி, துருவே இல்லாத உடல், பல ஆண்டுகள் வைத்து ஓட்டும் எண்ணம் ஆகியவை ஒன்றாக அமையும்போதுதான். 2009-க்குப் பின் வந்த எஞ்சின்களில் ஒவ்வொரு ரோட்டருக்கும் எண்ணெய் செலுத்தும் முனைகள் இரண்டிலிருந்து மூன்றாயின என்பதும் அவற்றுக்குச் சாதகம்.

10. பேரமும் கொண்டுவருதலும்

தனியாரிடம் வாங்கும்போது, வண்டி அவர் விவரித்தபடி இருக்க வேண்டும் என்பதற்கு மேல் சட்டப் பாதுகாப்பு அதிகம் இல்லை. ஆகவே, அவர் சொன்ன முக்கியமானவற்றை ரசீதிலோ குறுஞ்செய்தியிலோ எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வணிகரிடம் வாங்கினால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் பழுதான வண்டியைத் திருப்பலாம்; ஆனால் வாங்கும் முன்பே அவர் சுட்டிக்காட்டிய கோளாறுக்கு அந்த உரிமை பொருந்தாது. "எஞ்சினில் சத்தம்" என்று பொதுவாக எழுதி எல்லாவற்றையும் அதற்குள் அடக்கப் பார்த்தால், எந்தக் கோளாறு என்று குறிப்பாக எழுதச் சொல்லுங்கள்.

கூலன்ட் கசியும் அல்லது கம்ப்ரஷன் தேறாத வண்டியை ஓட்டிக்கொண்டு வராதீர்கள்; டிரெய்லரில் ஏற்றுங்கள். வீடு வரும் வழியில் ஒரு முறை சூடேறினால், மிஞ்சியிருக்கும் பாகங்களும் போகும்.

எண்கள் 6.8-க்கும் 7.2-க்கும் இடையில், எல்லைக்கோட்டில் இருந்து, அதற்கேற்ற விலையில் வாங்கியிருந்தால், முதல் வாரமே காயில், பிளக், எண்ணெய், கூலன்ட் ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். இரண்டு முறை பெட்ரோல் நிரப்பினால் ஒரு முறையாவது எண்ணெய் அளவைப் பாருங்கள். ஓராண்டு கழித்து அதே பட்டறையில், அதே கருவியில் மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். 6.8-க்குக் கீழே இறங்கத் தொடங்கினால், சூட்டில் ஸ்டார்ட் ஆகிறதே என்று இழுத்தடிக்காமல் எஞ்சினை அப்போதே இறக்கிவிடுங்கள். சீல் உடையும் முன் பிரித்த எஞ்சினில் அறைகள் கீறலின்றிக் கிடைக்க வாய்ப்பு மிகுதி. அவற்றைத் திரும்பப் பயன்படுத்த முடிந்தால், பட்டறை தரும் ரசீதில் பெரிய தொகை குறையும்.